ஒரு நாளுக்கு 135 ஆம்பியர்-மணி

கரீபியனில் கிரெனடா தீவின் தென்கரையில் இருக்கிறது பிரிக்லி பே விரிகுடா. அட்சரேகை 12° வடக்கு; புதுச்சேரியும் ஏறக்குறைய அதே கோட்டில்தான். அங்கே நங்கூரமிட்டு இருவர் குடியிருக்கும் 12 மீட்டர் பாய்மரப் படகுக்கு ஒரு மாதிரிக் கணக்குப் போட்டால், நாளொன்றின் மின்செலவு 135 ஆம்பியர்-மணி வருகிறது. 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,620 வாட்-மணி, அதாவது 1.62 யூனிட். 60 நாளுக்கு 97 யூனிட். தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரப்படும் 100 யூனிட்டுக்குள் இது அடங்கிவிடும்.

செலவுப் பக்கத்தில் முதலிடம் குளிர்பெட்டிக்கு. கம்ப்ரஸர் இழுப்பது 5 ஆம்பியர். கடல்நீர் 28 டிகிரி செல்சியஸில் இருக்கும் இடத்தில் 24 மணி நேரத்தில் பாதி நேரம் ஓடும் என்று கொண்டால் 60 ஆம்பியர்-மணி. மொத்தத்தில் 44 சதவீதம். கடல்நீரைக் குடிநீராக்கும் சிறிய கருவி 4 ஆம்பியரில் மணிக்கு 5.7 லிட்டர் தரும். 40 லிட்டருக்கு 7 மணி நேரம், 28 ஆம்பியர்-மணி. 50 வாட் இழுக்கும் செயற்கைக்கோள் இணையத் தட்டு 6 மணி நேரத்துக்கு 25. இரண்டு மின்விசிறிக்கு 10, விளக்கு, கைபேசி வகையறாவுக்கு 10. மீதி 2 ஆம்பியர்-மணி நங்கூர விளக்குக்கு.

நங்கூர விளக்கை அணைக்க முடியாது; எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு எரிய வேண்டும் என்பது சர்வதேசக் கடல்விதி. பழைய 10 வாட் இழைவிளக்கு 12 மணி நேரத்தில் 10 ஆம்பியர்-மணி தின்றது. 2 வாட் எல்இடிக்கு 2 போதும். மாற்ற ஆகும் நேரம் பாய்மரத்தின் உச்சிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் நேரம்.

வரவுப் பக்கம் சூரியன். 100 வாட் தகடு நான்கு, மொத்தம் 400 வாட்; நாளுக்கு 5 மணி நேர முழுவெயிலுக்குச் சமமான ஒளி: காகிதத்தில் 2,000 வாட்-மணி. தகட்டின் வெப்பம் 60 டிகிரியைத் தொட்டால், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.4 சதவீதம் வீதம் 14 சதவீதம் குறையும், மிச்சம் 1,720. கம்பியிலும் கட்டுப்பாட்டுக் கருவியிலும் 6 சதவீதம் போனால் 1,617. நிழலுக்கு 20 சதவீதம் கழித்தால் 1,293 வாட்-மணி, அதாவது 108 ஆம்பியர்-மணி.

அந்த நிழல் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நங்கூரத்தில் கிடக்கும் படகு காற்றை நோக்கித் திரும்பி நிற்கும். இங்கே வாணிபக் காற்று கிழக்கிலிருந்து அடிக்கிறது. ஆகவே முன்முனை கிழக்கே, தகடுகள் பொருத்திய பின்பகுதி மேற்கே. காலை வெயில் முன்னாலிருந்து வரும்போது பாய்மரமும் அதன் கிடைக்கம்பும் தகட்டின் மேல் நிழல் போடுகின்றன. ஒரு முழம் அகல நிழல்தான். ஆனால் தகட்டுக்குள் சில்லுகள் தொடராகக் கோக்கப்பட்டிருப்பதால் ஒரு சில்லு மறைந்தாலே தகட்டின் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போய்விடலாம். பிற்பகலில் இந்தத் தொல்லை இல்லை.

அட்சரேகையும் கணக்கில் சேரும். டிசம்பர் 21 நண்பகலில் இங்கே சூரியன் 54.6° உயரத்தில் நிற்கிறது; கிடைமட்டத் தகடு நேர்வெயிலில் 82 சதவீதம் பெறும். இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தில் அதே நண்பகலில் 16.5°, 28 சதவீதம்.

செலவு 135, வரவு 108, பற்றாக்குறை 27. இன்னொரு 100 வாட் தகடு தருவதும் 27 என்பதால் ஐந்தாவது தகடு வாங்கத் தோன்றும். அதற்கு முன் ஒரு கழித்தல் போட்டுப் பார்க்கலாம். 1 ஆம்பியர் இழுக்கும் எந்தச் சாதனமும் 24 மணி நேரம் ஓடினால் 24 ஆம்பியர்-மணி, கிட்டத்தட்ட ஒரு தகடு. இணையத் தட்டை இரவு பகலாக விட்டுவைத்தால் 25 என்பது 100 ஆகும். கூடுதல் 75-க்கு மூன்று தகடு வேண்டும். மாறாக, எல்லோரும் பயப்படும் 1,500 வாட் கெட்டில் 4 நிமிடத்தில் 100 வாட்-மணிதான் எடுக்கிறது. இன்வெர்ட்டர் இழப்போடு சேர்த்து 9 ஆம்பியர்-மணி. குளிர்பெட்டியின் 60-இல் மூன்றில் இரண்டு பங்கு சுவர் வழியே நுழையும் வெப்பத்தால் என்று கொண்டால், 5 செ.மீ. காப்பை 10 செ.மீ. ஆக்குவது 20 ஆம்பியர்-மணி மிச்சம் பிடிக்கும். பெட்டிக்குள் இடம் குறையும்; அதையும் செலவில் எழுத வேண்டும்.

காற்றாலையை நம்புவது கடினம். காற்றின் ஆற்றல் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும்: 1.15 மீட்டர் விட்டமுள்ள சுழலி மணிக்கு 10 கடல் மைல் வேகக் காற்றில் சுமார் 25 வாட், 20 கடல் மைலில் 200 வாட், 7 கடல் மைலில் 9 வாட் தரும். நங்கூரத்துக்கு நாம் தேடிப் போவதோ காற்று குறைந்த மறைவான இடம்.

சேமிப்பு 400 ஆம்பியர்-மணி. ஈய-அமில பேட்டரி, 100 ஆம்பியர்-மணிக்கு 30 கிலோ வீதம் 120 கிலோ. பாதிதான் எடுக்கலாம், 200. பாதி வரை இறக்கினால் ஏறத்தாழ 500 சுற்று, ஆயுளில் 1,00,000 ஆம்பியர்-மணி. அதே 200-ஐத் தரும் 250 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியின் எடை சுமார் 30 கிலோ, 3,000 சுற்றில் 6,00,000. விலை ஆறு மடங்குக்குள் இருந்தால், எடையைச் சேர்க்காமலே கணக்கு லித்தியத்தின் பக்கம் சாய்கிறது. எட்டு ஆண்டு அதே படகில் இருப்போமா என்பது வேறு கேள்வி.

மேகமூட்டமான நாளில் வரவு 30 சதவீதமாக, 32-க்கு இறங்கினால் பற்றாக்குறை 103. கையிருப்பு 200 இரண்டு நாளைக்குச் சற்றுக் குறைவு. ஈய-அமில பேட்டரி என்றால் மூன்றாம் நாள் விடியலில் வோல்ட் மீட்டர் 12.2-ஐ ஒட்டி நிற்கும். மெதுவாக ஓடும் எஞ்சினின் ஆல்டர்னேட்டர் 50 ஆம்பியர் தருமானால், அந்த ஒரு நாள் துண்டை அடைக்க 2 மணி நேரம். மணிக்கு 1.5 லிட்டர் வீதம் 3 லிட்டர் டீசல். லிட்டருக்குச் சுமார் 10 யூனிட் ஆற்றல் உள்ள எரிபொருளில் 30 யூனிட் எரித்து, பேட்டரிக்குப் போய்ச் சேருவது 1.2 யூனிட்.