வாசனை எங்கே போனது?

எட்டாம் வகுப்பில் காற்று மாசு பற்றிய பாடம். "டிரை கிளீனிங் செய்த துணியைக் காற்றாட விட்டால் வாசனை போய்விடுகிறதே, எங்கே சார் போகிறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். "காற்றில் மறைந்துவிடும்" என்றேன். வீட்டுக்கு வந்தபின்தான் அது தவறான விடை என்று உறைத்தது.

டிரை கிளீனிங்கில் பயன்படும் கரைப்பான்களுள் ஒன்று டெட்ராகுளோரோ எத்திலீன். காற்றில் சிதையும்போது அதன் ஒரு சிறு பகுதி டிரைகுளோரோ அசிட்டிக் அமிலமாகிறது. மழையில் கரைந்து மண்ணைச் சேர்கிறது. அதை வேர்கள் நீரோடு உறிஞ்சி இலைகளுக்கு ஏற்றுகின்றன. ஜெர்மனி, பின்லாந்து, ஸ்காட்லாந்து ஆகிய இடங்களின் ஊசியிலை மரங்களில் இவ்வமிலம் கண்டறியப்பட்டுள்ளது.

இதன் சோடியம் உப்பு முன்பு களைக்கொல்லியாகப் பயன்பட்டது. இலையின் மெழுகுப் பூச்சு உருவாவதை அது தடுக்கும். மெழுகு குறைந்தால் நீரிழப்பு கூடும். பைன், ஸ்புரூஸ் போன்ற மரங்களின் இலைகள் பல ஆண்டுகள் உதிராமல் இருப்பதால், மாசுக்கு ஆளாகும் காலமும் நீள்கிறது. காட்டு மண்ணிலும் இவ்வமிலம் இயற்கையாக ஓரளவு உருவாகிறது என்பதையும் மாணவர்களிடம் சொல்ல வேண்டும்.

மறுநாள் வகுப்பில் என் விடையைத் திருத்திக்கொண்டேன். அன்று முதல், 'மறைந்துவிட்டது' என்று யார் சொன்னாலும், "எங்கே போனது?" என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள்.