தானியங்கு நுழைவும் அதன் தவறுகளும்

தொலைவிலுள்ள கணினியொன்றினுள் முனையத்தின் வழியாக நுழைவோர் முதலிற் பெயரையும் பின்னர்க் கடவுச்சொல்லையும் எழுதுதல் வழக்கம். நாடோறும் இதனையே செய்ய நேர்ந்தோர், இவ்வுரையாடலை முன்னரே எழுதிவைத்து, மென்பொருளே தம்பொருட்டு அதனை நிகழ்த்துமாறு அமைத்தனர். இவ்வாறு எழுதப்பட்ட கட்டளைக் கோவையே ஸ்கிரிப்ற் எனப்படும். நியூ யோர்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1981ஆம் ஆண்டில் பிராங்க் டா குரூஸ், பில் கச்சிங்ஸ் ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய கேர்மிற் என்னும் தொடர்பு மென்பொருள் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

கேர்மிற்றின் ஸ்கிரிப்ற் மொழியில் இரு கட்டளைகள் முதன்மையானவை. 'இன்புற்' என்பது மறுபுறத்திலிருந்து குறித்ததொரு சொல் வருதலை எதிர்நோக்கி, விதித்த நொடியளவு காத்திருக்கும். 'அவுற்புற்' என்பது விடையை அனுப்பும். கேட்டலும் சொல்லலுமாகிய இவ்விரண்டும் இசையாமையே பெரும்பாலான தவறுகளுக்கு வேராகும்.

முதலாவது தவறு எதிர்பார்க்குஞ் சொல்லைப் பற்றியது. 'லொகின்' என்னும் ஆங்கிலச் சொல்லை ஒரு கணினி பெரிய எழுத்தாலும் மற்றொன்று சிறிய எழுத்தாலும் தொடங்கும். தொலைபேசிக் கம்பியின் இரைச்சலால் முதலெழுத்துச் சிதைதலும் உண்டு. ஆதலின், 1970களிற் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த யூயூசீபீ முறையைக் கையாண்டோர், ஐந்தெழுத்தாலாகிய அச்சொல்லின் முதலெழுத்தை விடுத்து, எஞ்சிய நான்கினையே எதிர்பார்க்குமாறு எழுதினர்.

இரண்டாவது தவறு வரியின் முடிவைப் பற்றியது. மனிதன் விடையை எழுதியபின் 'என்ரர்' விசையை அழுத்துகின்றான். அவ்விசை 13 என்னும் குறியீட்டை அனுப்புகின்றது. 'அவுற்புற்' கட்டளையில் இக்குறியீட்டை எழுத மறந்தால், பெயர் சென்று சேர்ந்தும் விடை முற்றுப்பெறாது. இருபுறமும் ஒன்றையொன்று எதிர்நோக்கி வாளா இருக்கும்.

மூன்றாவதே மிகக் கேடானது. காத்திருந்த சொல் வந்ததா என ஆராயாமலே சில ஸ்கிரிப்றுகள் அடுத்த விடையை அனுப்பிவிடும். அப்பொழுது பெயர் கேட்கும் இடத்திற் கடவுச்சொல் சென்று விழும். பெயராக எழுதப்படுவது திரையிலே தெரிவதன்றி, தோல்வியுற்ற முயற்சிகளைக் குறிக்கும் பதிவேட்டிலும் இடம்பெறலாம். மறைக்கவேண்டிய சொல்லைத் தானே வெளியிட்டமை இதனால் நேரும். ஆகவே ஒவ்வொரு 'இன்புற்' கட்டளையின் பின்னும், அது தவறின் நிறுத்துக என்னும் கட்டளையை எழுதுதல் இன்றியமையாதது.

தவறு காணும் முறை எளிது. முதலில் அதே நுழைவைக் கையினாற் செய்து பார்த்தல் வேண்டும். அதுவும் தவறின், குற்றம் ஸ்கிரிப்றினுடையதன்று. அது நிறைவேறின், உரையாடல் முழுவதையும் கோப்பொன்றிற் பதிவுசெய்து, எச்சொல்லை எதிர்நோக்கி ஸ்கிரிப்ற் நின்றது என ஒப்புநோக்க வேண்டும். நிறங்காட்டும் குறியீடுகள் கண்ணுக்குப் புலனாகாது சொற்களிடையே கலந்திருத்தலை அப்பதிவே வெளிப்படுத்தும்.

எனினும், கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதிவைத்தல் எக்காலத்தும் இடருடையதே; அக்கோப்பைப் படிக்க வல்லார் எவரும் அவ்வாயிலினுள் நுழைவர். 1995இற் பின்லாந்திலே தோன்றிய எஸ்எஸ்எச் முறை, கடவுச்சொல்லுக்கு ஈடாக இணைத்திறவுகளைக் கொள்ளும் வழியைத் தந்தது. அவ்வழி கிடைக்குமிடத்து அதனையே மேற்கொள்ளுதல் தகும். கிடையாவிடத்து, செவிமடுத்த பின்னரே பேசுமாறு ஸ்கிரிப்றைப் பழக்குதலே அறிவுடைமையாம்.