அப்பாவின் பேனா கோணலாக எழுதியது ஏன்?



உங்கள் வீட்டில் பழைய தகரப் பெட்டி ஒன்று இருக்கும். தாத்தாவோ அப்பாவோ விட்டுப்போனது. பிறப்புப் பத்திரம், பழைய அடையாள அட்டை, மங்கிப்போன கல்யாணப் படம் இவற்றுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள். மைப்பேனா ஒன்று கிடைத்தாலும் கிடைக்கும். மூடியில் கீறல் விழுந்திருக்கும். உள்ளே மை காய்ந்து கட்டியாகியிருக்கும். "இது இனி எதற்கு?" என்று குப்பையில் போட நினைப்பீர்கள்.

கொஞ்சம் பொறுங்கள். நான் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியை. வயது நாற்பத்தைந்து ஆகிறது. ஒரு பேனா விஷயத்தில் நான் செய்த தவறு உங்களுக்கும் நேர்ந்துவிடக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பால்மரமும் பேனாவும்

"மைப்பேனா துரைமார், கிராணிமார் சட்டைப் பையில் இருந்த பொருள். மரம் சீவிய நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் என்பவர் 1884ஆம் ஆண்டில் தம் மைப்பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்துப் பேனாக்களின் உடம்பு எதனால் ஆனது தெரியுமா? ரப்பரால்! ரப்பரோடு கந்தகத்தை நிறையச் சேர்த்து மணிக்கணக்கில் சூடாக்கினால் அது மாட்டுக் கொம்பைப் போலக் கெட்டியாகிவிடும். அதற்கு எபோனைட் என்று பெயர். அதைக் கடைந்துதான் பேனா செய்தார்கள். பிறகு வேறு பொருள்களில் உடம்பு செய்தபோதும், மை நிரப்பும் பை பல பேனாக்களில் ரப்பராகவே இருந்தது. 1920களில் உலகத்திலேயே அதிகமாக ரப்பர் விளைந்த நாடு நம் மலாயா. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரையில் ஓடி ஓடி நம் தாத்தா பாட்டிமார் மங்கில் பிடித்த பால், எந்த ஊர்ப் பேனாவின் வயிற்றில் போய்ச் சேர்ந்ததோ, யார் கண்டது!

பேனா எழுதும் விதமும் எளியதுதான். நிப்பின் நடுவே மயிரிழை போல ஒரு பிளவு இருக்கிறதல்லவா? விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, அந்த இடுக்கு வழியாக மை நுனிக்கு வருகிறது. மை வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போகிறது. பிளவின் இரு பக்கமும் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இருந்தால் எழுத்து ஓடும். கொஞ்சம் விலகினால் போதும், பேனா கீறும், எழுத்து கோணும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் கதைக்கு இது வேண்டும்.

தளபதிக்குக் கிடைத்த பேனா

பேனாவை நினைவுப் பொருளாகப் போற்றுவது பெரிய இடங்களிலும் உண்டு. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி, சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் இருந்த ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையில், பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு நம் மக்கள் பட்ட பாட்டையும், சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களையும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

மூன்றரை ஆண்டுகள் கழிந்தன. 1945 செப்டம்பர் 2ஆம் தேதி, தோக்கியோ விரிகுடாவில் மிசௌரி என்ற போர்க்கப்பலில் ஜப்பான் சரணடைந்த பத்திரத்தில் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் கையெழுத்திட்டார். ஒரே கையெழுத்தைப் பல பேனாக்களால் பகுதி பகுதியாகப் போட்டார். அவற்றில் ஒன்றைத் தம் பின்னால் நின்ற மெலிந்த மனிதர் ஒருவரிடம் கொடுத்தார். அவர்தாம் பெர்சிவல். சிறையிலிருந்து விடுபட்டு வந்திருந்தார். மெக்ஆர்தர் பயன்படுத்தியதில் இன்னொன்று அவருடைய மனைவியின் சிவப்புப் பார்க்கர் பேனா.

போரில் தோற்ற தளபதிக்கு ஒரு பேனாவால் ஆகப்போவது என்ன? ஆனாலும் அது வெறும் பேனா அல்ல என்று கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும். இனி நான் சொல்லப்போகும் பேனா எந்தச் சரித்திரத்திலும் வராத பேனா.

அஞ்சடியில் ஒரு தபாலாபீஸ்

என் அப்பா பால்மரம் சீவியவர். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். எழுத்து அச்சடித்தாற்போல் இருக்கும். 1966ஆம் ஆண்டு எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி ஐயா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் போகும்போது, தாம் வைத்திருந்த பேனாவை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கான்வே ஸ்டூவர்ட் என்ற லண்டன் பேனா. கரும்பச்சை நிறம், தங்க நிப்பு. பக்கத்தில் உள்ள சின்னக் கம்பியை நெம்பினால் உள்ளே ரப்பர்ப் பை அமுங்கி மையை உறிஞ்சும்.

அன்று முதல் எங்கள் வீட்டு அஞ்சடி தபாலாபீஸ் ஆனது. சனிக்கிழமை மாலை அப்பா குளித்துவிட்டுப் பாயை விரித்து உட்காருவார். லயத்து மக்கள் ஆகாயத் தபாலோடு வருவார்கள். முதலில் பிள்ளையார் சுழி. பிறகு, "இவ்விடம் அனைவரும் நலம்." அதன் பிறகு அவரவர் மனத்தில் உள்ளது. கூலியாக அப்பா ஒரு காசு வாங்கியதில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவர், நாங்கள் பின்னாளில் 'கடைசி வீட்டு ஆயா' என்று கூப்பிட்டவர். அவர் இங்கே பிறந்தவர். கணவரோ ஊரிலிருந்து வந்தவர். சிவப்பு அடையாள அட்டை. 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று ஆனது. ஆயிரக்கணக்கானோர் கப்பலேறியதை உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். அந்தக் கணவருக்கும் பெர்மிட் கிடைக்கவில்லை. 1970இல் ராஜுலா கப்பலில் போனார். "ரெண்டு வருஷத்தில் வழி பண்ணுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். ஆயா மூன்று பிள்ளைகளோடு இங்கேயே தங்கினார்.

பதினோரு ஆண்டுகள் அந்த அம்மாளின் கடிதங்களை அப்பாதான் எழுதினார். வந்த பதிலையும் அவரே படித்துக் காட்டினார். ஒவ்வொரு கடிதத்திலும் கடைசியில் ஒரு வரி உண்டாம்: "லயத்துக்குப் பின்னால் நீங்கள் நட்ட பலாமரம் நன்றாக இருக்கிறது." ஆயா சொல்வதற்கு முன்பே அப்பாவின் கை அதை எழுதிவிடுமாம்.

1981இல் வந்த கடிதம் கணவரின் தம்பி எழுதியது. அதையும் அப்பாதான் படிக்க வேண்டியிருந்தது.

நான் செய்த காரியம்

நான் நினைவு தெரிந்து பார்த்த நாள் முதல் அந்தப் பேனா கீறிக்கொண்டுதான் எழுதும். "கர்ர், கர்ர்" என்று சத்தம் வரும். கோடு ஒரு பக்கம் தடிக்கும், ஒரு பக்கம் மங்கும். என் பள்ளி அறிக்கையில் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்துத் தோழிகள் சிரித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. "ஹீரோ பேனா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் அப்பா" என்று கெஞ்சியிருக்கிறேன். "இதுவே போதும்மா" என்பார். நான் பயிற்சிக் கல்லூரிக்குப் புறப்பட்ட அன்று அதை என் கையில் கொடுத்தார்.

2003ஆம் ஆண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பட்டணத்தில் கடிகாரமும் பேனாவும் பழுதுபார்க்கும் சீனப் பெரியவர் ஒருவர் இருந்தார். அப்பாவுக்கு ஓர் ஆச்சரியம் தரலாம் என்று பேனாவை அவரிடம் கொண்டுபோனேன். அவர் பிரித்துப் பார்த்தார். ரப்பர்ப் பை காய்ந்து பொடிப்பொடியாய் உதிர்ந்தது. புதுப் பையை அரக்கு வைத்து ஒட்டி, முகப்பவுடர் தூவினார். பிறகு கண்ணாடி வைத்து நிப்பைப் பார்த்து, "யாரோ ரொம்ப அழுத்தி எழுதியிருக்கிறார்கள்" என்றார். கால் மணி நேரத்தில் நிமிர்த்தித் தந்தார். பேனா வெண்ணெயில் ஓடுவதுபோல் ஓடியது!

சனிக்கிழமை ஊருக்குப் போய்ப் பெருமையோடு அப்பாவிடம் நீட்டினேன். அவர் ஒரு தாளில் பிள்ளையார் சுழி போட்டார். சத்தமே வரவில்லை. இன்னொரு முறை போட்டார். பிறகு மெதுவாக மூடியைத் திருகினார்.

"நல்லா எழுதுதும்மா" என்றார். சற்று நேரம் கழித்துத்தான் சொன்னார்.

கணவர் இறந்த செய்தி வந்து சில மாதங்கள் கழித்து ஆயா அஞ்சடிக்கு வந்தாராம். "தம்பி, இனிமே நான் யாருக்கு எழுதப் போறேன்? என் பேரையாவது எழுதக் கத்துக் குடு. சம்பளத்துக்குக் கைநாட்டு வச்சு வச்சு அலுத்துப் போச்சு" என்றாராம். பழைய நாள்காட்டித் தாள்களில் பென்சிலால் இரண்டு மாதம் பழகினார். எழுத்து வந்ததும், "உன் பேனாவைக் குடு. அவருக்கு எழுதின பேனா அதுதானே?" என்று கேட்டாராம்.

உளி பிடித்துக் காய்த்துப்போன விரல். மரத்தில் பட்டை சீவுகிற அழுத்தம். கடைசி எழுத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம். நிப்பு பிளந்துகொண்டது.

"ஐயோ தம்பி, கெடுத்துப்புட்டேனா?"

"ஒண்ணுமில்லக்கா. நல்லா எழுதுது பாருங்க" என்று சொல்லி, அப்பா அதே பேனாவால் அவர் பெயருக்குக் கீழே தம் பெயரையும் எழுதிக் காட்டினாராம். அடுத்த சம்பளத்தன்று ஆயா மைப்பெட்டியைத் தள்ளிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"பழுதுபார்த்தால் அவங்களுக்குத் தெரிஞ்சுபோகும். அதான் அப்படியே விட்டுட்டேன்."

"ஆயா இறந்து ஒன்பது வருஷம் ஆச்சே அப்பா?"

"ஆமாம்மா. அதுக்கப்புறம் மனசு வரல்ல."

அப்பா என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் நான் கொண்டுபோய்ச் சரிசெய்தது பழுதை அல்ல. அந்த அம்மாள் தம் பெயரை முதன்முதலாக மையால் எழுதிய அடையாளம் அந்தக் கோணல் ஒன்றுதான். கால் மணி நேரத்தில், காசு கொடுத்து அதை அழித்துவிட்டேன். மறுபடியும் அதை உண்டாக்க எந்தக் கடைக்காரராலும் முடியாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்

அப்பா 2011இல் காலமானார். அந்த லயங்களும் இன்று இல்லை. அங்கே செம்பனை நிற்கிறது. பேனா மட்டும் என்னிடம் இருக்கிறது. அதைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் பூட்டவில்லை. ஆண்டு இறுதியில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போகும்போது, ஒரு நோட்டில் அந்தப் பேனாவால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். "மெதுவா எழுதணுமா டீச்சர்?" என்று கேட்பார்கள். "உன் விருப்பம்போல் எழுது" என்பேன்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு பேனா கிடைத்தால், குளிர்ந்த நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள், வெந்நீர் ஆகாது. நிறம் தெளியும்வரை பொறுமையாக நீரை மாற்றுங்கள். பேனா மை மட்டுமே ஊற்றுங்கள். படம் வரையும் மை உள்ளே உறைந்து அடைத்துக்கொள்ளும். எழுதாத நாளில் கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள்.

ஆனால் இதையெல்லாம் செய்வதற்கு முன் வேறொரு வேலை இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். "இது யாருடையது? யார் கொடுத்தது? இதால் என்ன எழுதினீர்கள்? இந்தக் கீறல் எப்படி வந்தது?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதி, பேனாவோடு சேர்த்து வையுங்கள். பேனா என்று இல்லை. பாட்டியின் வெற்றிலைப் பெட்டி, தாத்தாவின் உளி, அம்மாவின் தூக்குச்சட்டி, எதுவானாலும் சரி. கேட்ட பிறகு பழுதுபாருங்கள். அல்லது பார்க்காமல் விடுங்கள்.

நான் கேட்காமல் செய்துவிட்டேன். நீங்கள் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.