தழும்பும் பச்சையும் தகுதியைக் குறைப்பதில்லை

வேலை கேட்டுப் போகும் பெண்ணின் சான்றிதழைப் பார்க்கும் முன்பே பலர் அவளது தோற்றத்தைப் பார்த்துவிடுகிறார்கள். கல்குடாப் பகுதியிலுள்ள எமது சகோதரிகளுக்கு இது இரட்டைச் சுமை. ஷெல் பட்ட தழும்பு, கட்டையாக வெட்டிய முடி, கையில் குத்திய பச்சை, பொட்டில்லாத நெற்றி என ஒவ்வொன்றும் ஒரு கேள்வியைக் கிளப்புகின்றது.

இயக்கத்திலிருந்த பெண்களிற் பலர் முடியைக் கட்டையாக வெட்டியிருந்தனர். 2004 மார்ச்சில் கிழக்கில் ஏற்பட்ட பிளவின் பின் வீடு திரும்பிய பிள்ளைகள் பலருக்கு அந்த முடியே அடையாளமாகிவிட்டது. முடி வளர்ந்துவிட்டது, தழும்பு மறையவில்லை. வயலிலும் வீட்டிலும் காயப்பட்ட பெண்களையும் இதே கண்கொண்டு பார்ப்பவர்கள் உண்டு.

போரும் 2004 சுனாமியும் அழித்த பாசிக்குடாக் கரையில் 2011 முதல் உல்லாச விடுதிகள் எழுந்தன. வரவேற்பு, அறை பராமரிப்பு, சமையலறை ஆகியவற்றில் பெண்களுக்கும் வேலை உண்டு. சுத்தம், நேர்த்தியான உடை, கட்டிய கூந்தல் ஆகியவற்றை நிர்வாகம் எதிர்பார்ப்பது நியாயமே. உங்கள் கடந்த காலத்தை உடம்பில் வாசிப்பது நியாயமல்ல.

நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும்போது

தழும்பை மறைக்க விரும்பினால் முழங்கை வரையுள்ள சட்டை போதும். மறைக்க விரும்பாவிட்டால் அதுவும் உங்கள் விருப்பம். கேட்டால் சொல்ல ஒரு வசனத்தைத் தயாராக வைத்திருங்கள்: “சண்டைக் காலத்தில் பட்ட காயம், வேலை செய்யத் தடையில்லை.” அதற்கு மேல் அழுது விளக்க வேண்டியதில்லை. பொட்டு வைப்பதும் வைக்காததும், தலையை மூடுவதும் உங்களைப் பொறுத்தவை.

பச்சை குத்தியிருந்தால்

அம்மம்மா காலத்துப் பச்சைக்கும் இன்றைய பச்சைக்கும் பார்வை வேறு. முகம், கழுத்து, கைவிரல்களில் உள்ளது வேலைக்குத் தடையாகலாம். புதிதாகக் குத்துவதானால் யோசியுங்கள். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியால் மற்றவருக்குக் குத்தினால் ஈரல் அழற்சி, எச்.ஐ.வி. தொற்றலாம். சுண்ணாம்பாலோ அமிலத்தாலோ அழிக்க முயலாதீர்கள். பச்சை போய்ப் புண்ணும் பெருந்தழும்பும் மிஞ்சும்.

கையில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண்ணொருவர் 2014 ஏப்ரலில் எமது நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதென 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, இழப்பீடு வழங்கப் பணித்தது. உடம்பிலுள்ள ஒரு குறிக்காக ஒருவரை அதிகாரிகள் நினைத்தபடி நடத்த முடியாது என்பதை இது காட்டுகின்றது.

சட்டம் எங்கே துணை நிற்கும்?

கை, கால் இழந்தவர்களையும் ஏனைய மாற்றுத்திறனாளிகளையும் அக்காரணத்துக்காக வேலைக்குச் சேர்க்காமல் பாகுபாடு காட்டக்கூடாதென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. அரச அலுவலகத்தில் பாகுபாடு நடந்தால் ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்புப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடுங்கள். அடிப்படை உரிமை வழக்குக்கும் ஒரு மாதமே தவணை என்பதால் தாமதிக்க வேண்டாம். தனியார் நிறுவனம் தோற்றத்தை மட்டும் காரணம் காட்டினால் சட்டத்தின் கை அவ்வளவு நீளமில்லை. அப்போதும் திகதி, பேசிய வார்த்தை, பேசியவரின் பதவி ஆகியவற்றை எழுதி வைத்து, பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

சகோதரிகளே, ஓரிடத்தில் “இல்லை” என்றால் அடுத்த இடத்துக்கு விண்ணப்பம் எழுதுங்கள். தனியே போகத் தயங்கினால் இருவராகச் சேர்ந்து போங்கள். உடம்பில் இருப்பது நீங்கள் உயிர் தப்பியதன் அடையாளம். அதற்காகத் தலைகுனிய வேண்டியதில்லை.