வாயு என்று நினைத்த வலி

வயிற்று உப்புசத்துக்கு ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டே பல பெண்கள் மாதங்களைக் கடத்திவிடுகிறார்கள். சினைப்பைப் புற்றுநோய்க்கு அந்த மாதங்களே போதும்.

கொல்கத்தாவில் யாராவது முகத்தைச் சுளித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தால் பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்லும் நோயின் பெயர் 'அம்போல்'. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், வயிற்று உப்புசம் எல்லாவற்றுக்கும் பொதுவான வங்காளச் சொல் அது. இதற்கு வைத்தியம் எழுதித் தர டாக்டர் தேவையில்லை. ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் தொடங்கிய பெங்கால் கெமிக்கல்ஸ் நிறுவனம் புட்டியில் அடைத்து விற்ற ஓமத் திரவம் பல தலைமுறைகளாக அங்கே வீட்டு அலமாரியில் இருந்துவருகிறது. தமிழ்நாட்டிலும் கதை வேறல்ல. இங்கே அதன் பெயர் வாயு, அல்லது 'கேஸ் டிரபிள்'.

பெரும்பாலும் அது வாயுவாகத்தான் இருக்கும் என்பதுதான் சிக்கலே. நூறு பேரில் தொண்ணூற்றுச் சொச்சம் பேருக்கு ஓமத் தண்ணீர் கேட்கும். மிச்சம் இருக்கும் ஒருத்திக்கு, நாற்பத்தைந்தைத் தாண்டிய, மாதவிடாய் நின்ற அல்லது நிற்கப்போகிற ஒருத்திக்கு, புடவையின் இடுப்புச் சுற்று இறுகிக்கொண்டே வரும். இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடும். அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும். வயசு ஏறுகிறது, வயிறு போடுகிறது என்று அவளே தன்னைச் சமாதானம் செய்துகொள்வாள். கடைசியில் ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றுக்குள் லிட்டர் கணக்கில் நீர் இருக்கும்.

கொல்கத்தாவில் பிறந்த நஃபிஸா அலி 2018 நவம்பரில் தனக்கு மூன்றாம் நிலைப் புற்றுநோய் என்று வெளிப்படையாக அறிவித்தபோது, நம்ப முடியாமல் திகைத்தவர்கள் பலர். சினைப்பையிலும் வயிற்றின் உள்ளுறையான பெரிட்டோனியத்திலும் நோய் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் தேசிய நீச்சல் சாம்பியன். 1976-ல் மிஸ் இந்தியா. 1978-ல் ஷ்யாம் பெனகலின் 'ஜுனூன்' கதாநாயகி. குதிரைப் பந்தயத்தில் ஜாக்கியாகவும் இருந்தவர். 2004 மக்களவைத் தேர்தலில் தெற்கு கொல்கத்தாவில் மம்தா பானர்ஜியை எதிர்த்துக் காங்கிரஸ் சார்பில் நின்று தோற்றார். உடம்பைக் கவனிக்கத் தெரியாதவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. அவருக்கே மூன்றாம் நிலையில்தான் தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 61.

மூன்றாம் நிலை என்றால் நோய் இடுப்புக்குழியைத் தாண்டி வயிற்றுக்குள் விதைபோலத் தூவப்பட்டுவிட்டது என்று அர்த்தம். இந்தியாவில் இந்த நோயோடு வருகிற பெண்களில் பெரும்பாலோர் மூன்றாம் அல்லது நான்காம் நிலையில்தான் வருகிறார்கள். முதல் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டால் ஐந்து ஆண்டுகள் கடந்தும் வாழ்பவர்கள் பத்தில் ஒன்பது பேர். பரவிய பிறகு அது மூன்று பேர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. மார்பு, கருப்பை வாய் இரண்டுக்கும் அடுத்தபடியாக இந்தியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் ஒன்று இது. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் அந்த ஓர் ஆண்டில் சுமார் 47,000 பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. இறந்தவர்கள் சுமார் 33,000.

ஏன் முன்கூட்டியே தெரிவதில்லை? மார்பில் கட்டி கைக்குத் தட்டுப்படும். கருப்பை வாயைத் துடைத்தெடுத்துப் பரிசோதிக்கலாம். சினைப்பையோ பாதாம் கொட்டை அளவில், இடுப்பெலும்புக்குள் ஆழத்தில் கிடக்கிறது. அதில் கட்டி வளர்ந்தாலும் இடிபட எதுவும் இல்லாததால் வலி வராது. இந்த நோயில் கொடிய வகை பலருக்குச் சினைப்பையில் தொடங்குவதே இல்லை, கருமுட்டைக் குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்று கடந்த இருபது ஆண்டுகளில் தெரியவந்திருக்கிறது. குழாயின் வாய் வயிற்றுக்குள் திறந்திருப்பதால் நோய்ச் செல்கள் உதிர்ந்து பரவ அதிக நாள் பிடிப்பதில்லை.

ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது. சி.ஏ. 125 என்று பெயர். ராபர்ட் பாஸ்ட் என்ற அமெரிக்க டாக்டரும் அவருடைய சகாக்களும் 1981-ல் கண்டுபிடித்தது. 35 யூனிட்டுக்குக் கீழே இருந்தால் இயல்பு என்பார்கள். ஆனால் தொடக்க நிலையில் இருக்கும் நோயாளிகளில் பாதிப் பேருக்கு இந்த எண் ஏறுவதே இல்லை. மறுபுறம் மாதவிடாய், கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ் எல்லாவற்றிலும் ஏறும். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து 2001-ல் பிரம்மாண்டமான ஆய்வு ஒன்று தொடங்கியது. ஆண்டுதோறும் சிலருக்கு இந்த ரத்தப் பரிசோதனை, சிலருக்கு ஸ்கேன். 2021-ல் முடிவு வந்தபோது விஞ்ஞானிகள் முகம் தொங்கிவிட்டது: பரிசோதித்ததால் உயிர்கள் மிஞ்சவில்லை. அதனால்தான் அறிகுறி இல்லாத பெண்களுக்கு 'ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்' என்று டாக்டர்கள் சொல்வதில்லை. பரிசோதனைக்கூடங்கள் 'பெண்கள் நல பேக்கேஜ்' என்று இதையும் சேர்த்து விற்பது வேறு விஷயம்.

இந்தியாவில் இன்னொரு குழப்பமும் உண்டு. வயிற்றுக் காசநோய். அதிலும் வயிற்றில் நீர் கோர்க்கும், எடை குறையும், சி.ஏ. 125 எகிறும், ஸ்கேனில் திட்டுத் திட்டாகத் தெரியும். காசநோய் மலிந்த நாட்டில் டாக்டருக்கு முதலில் அதுதான் தோன்றும். திசுவை எடுத்துப் பார்க்காமல் காசநோய் மாத்திரை கொடுத்து இரண்டு, மூன்று மாதம் பார்ப்பதும், உண்மையில் காசநோயாக இருப்பவருக்குப் புற்றுநோய் என்று வயிற்றைத் திறப்பதும், இரண்டுமே மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சந்தேகத்தைத் தீர்க்கச் சின்ன ஊசி பயாப்ஸி போதும்.

இதைவிடப் பெரிய தவறு, 'வெறும் நீர்க்கட்டிதான்' என்று பக்கத்து நர்சிங் ஹோமில் அவசரமாக அறுத்து எடுத்துவிடுவது. கட்டி உள்ளே உடைந்தால் ஒரு பையில் அடங்கியிருந்த நோய் வயிறு முழுக்கச் சிந்திவிடும். முதல் அறுவையை யார் செய்கிறார் என்பதில் பாதி விதி இருக்கிறது. சரியான அறுவை என்பது மார்பெலும்புக்குக் கீழிருந்து அடிவயிறு வரை நீளும் வெட்டு. கருப்பை, இரண்டு சினைப்பைகள், குழாய்கள், குடலின் முன்னே ஏப்ரன்போலத் தொங்கும் கொழுப்புத் திரை எல்லாம் வெளியே வரும். தேவைப்பட்டால் குடலில் ஒரு பகுதியும். கண்ணுக்குத் தெரியும் கட்டி எதுவும் மிச்சமில்லாமல் செய்வதுதான் குறி. பல மணி நேர வேலை. நோய் ரொம்பப் பரவியிருந்தாலோ நோயாளி தளர்ந்திருந்தாலோ முதலில் மூன்று தவணை கீமோதெரபி, பிறகு அறுவை, பிறகு மூன்று தவணை. இந்த வழியும் பலன் தருகிறது என்று 2010-ல் வந்த ஐரோப்பிய ஆய்வு காட்டியது.

கொல்கத்தாவுக்கு இதில் ஒரு பழைய உறவு உண்டு. தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் பொதுக்காரியத்துக்கென்று எழுதிவைத்த பவானிபூர் வீட்டில் 1926-ல் பெண்களுக்கான சேவா சதனம் தொடங்கியது. அதன் நீட்சியாக ஹாஜ்ராவில் எழுந்த புற்றுநோய் மருத்துவமனையை 1950 ஜனவரியில் திறந்துவைத்தவர் மேரி க்யூரியின் மகள் ஐரீன் ஜோலியோ க்யூரி. அதைக் கட்டியெழுப்பிய டாக்டர் சுபோத் மித்ரா பெண்கள் நோய் நிபுணர். கருப்பை வாய்ப் புற்றுக்கு அவர் வகுத்த அறுவை முறை அவர் பெயரிலேயே வழங்குகிறது. இன்று அது சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனம். ஜதின் தாஸ் பார்க் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த நிலையம் காளிகாட். அங்கிருந்து நடந்தால் லேக் மார்க்கெட், கொல்கத்தாத் தமிழர்கள் வாழை இலையும் மல்லிகைப் பூவும் காபிப் பொடியும் வாங்கும் இடம். நகரின் தெற்கே டாக்டர் சரோஜ் குப்தா 1970களில் தொடங்கிய தாகுர்புகூர் மையம், கிழக்கே ராஜர்ஹாட்டில் 2011-ல் வந்த டாடா மெடிக்கல் சென்டர். பீகார், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எல்லாத் திசையிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள்.

அப்படியும் ஹௌராவிலிருந்து சென்னைக்கு ஓடும் ரயில்களில் மருத்துவ ஃபைலோடு பயணம் செய்யும் வங்காளிகள் குறையவில்லை. காட்பாடியில் இறங்கி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போகும் கூட்டத்துக்காகவே வேலூர் லாட்ஜ்களில் வங்காள மொழிப் பலகையும் மீன் குழம்பும் வந்துவிட்டன. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏ.சி.யிலும் ரயில்வே முழுக் கட்டணச் சலுகை தருகிறது. துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு. ஆனால் இருபத்தொரு நாளைக்கு ஒரு தவணை என்று ஆறு தவணைக்கு நான்கைந்து மாதம் வெளியூரில் அறை எடுத்துத் தங்கும் செலவுக்குச் சலுகை கிடையாது.

தவணை நாள் எப்படி இருக்கும்? முதலில் ரத்த அணுக்களின் எண்ணிக்கை பார்ப்பார்கள். குறைந்திருந்தால் 'அடுத்த வாரம் வாருங்கள்' என்று அனுப்பிவிடுவார்கள். பாதிக் கண்ணீர் அன்றைக்குத்தான். சரியாக இருந்தால் ஒவ்வாமை வராதிருக்க ஸ்டீராய்டு, பிறகு மூன்று மணி நேரம் பாக்லிடாக்சல், அதன்பின் கார்போபிளாட்டின். முன்னது பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் கிடைத்தது. அமெரிக்காவில் இந்த நோய்க்கே 1992-ல் முதல் அனுமதி பெற்றது. பின்னதன் மூலப்பொருள் பிளாட்டினம். இந்த ஜோடிதான் இன்றுவரை சிகிச்சையின் முதுகெலும்பு.

வாந்தியை இப்போது மருந்துகள் பெருமளவு கட்டுப்படுத்திவிடுகின்றன. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தலையணையில் கொத்துக் கொத்தாக முடி கிடக்கும். அதைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள். யாரும் எச்சரிக்காதது விரல்கள். நுனிகள் மரத்துப்போகும். புடவைக் கொசுவம் மடிக்க வராது, ஜாக்கெட் கொக்கி அகப்படாது. இலிஷ் மீனில் முள் எடுத்துச் சாப்பிட்டே வளர்ந்த வங்காளப் பெண்ணுக்கு அந்த முள் கைக்குத் தட்டுப்படாது. நாக்கில் இரும்பு ருசி. அணுக்கள் குறையும் நாட்களில் தெருவோர ஃபுச்கா கூடாது, கூட்டம் கூடாது. மாதவிடாய் நிற்காத வயதில் சினைப்பைகளை எடுத்தால் ஒரே இரவில் உடம்பு முதுமைக்குத் தாவும். வெக்கையும் வியர்வையும் தூக்கமின்மையும் கூடவே வரும்.

இதையெல்லாம் அனுபவிப்பவளிடம் நோயின் பெயரைச் சொல்லாமலே சிகிச்சை நடத்தும் குடும்பங்களும் உண்டு. ரிப்போர்ட் மகன் கையில் இருக்கும். அம்மாவிடம் 'கட்டி, எடுத்தாச்சு' என்பார்கள். எதிர் நாற்காலியில் மொட்டைத் தலையோடு அதே மருந்து ஏற்றிக்கொள்ளும் பெண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ளாத அளவுக்கு எந்த அம்மாவும் பேதையல்ல. அவள் தனக்குத் தெரியும் என்பதைப் பிள்ளைகளிடமிருந்து மறைப்பாள். இரண்டு பக்கமும் நாடகம். யாரும் யாரிடமும் அழ முடியாது.

மறைப்பதற்கு இன்னொரு காரணம் கல்யாணம். பி.ஆர்.சி.ஏ. என்ற மரபணு பழுதானால் நோய் குடும்பத்தில் இறங்கும். தாய்க்கு அந்தப் பழுது இருந்தால் மகளுக்கு வர ஐம்பது சதவீத வாய்ப்பு. அதன் முதல் வகையைச் சுமப்பவர்களில் பத்தில் நான்கு பேர் அளவுக்குச் சினைப்பைப் புற்று வரலாம். பரிசோதித்துத் தெரிந்துகொண்டால் பிள்ளை பெற்ற பின் முப்பத்தைந்திலிருந்து நாற்பது வயதுக்குள் சினைப்பைகளையும் குழாய்களையும் எடுத்துவிடலாம். ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி 2015-ல் அதைத்தான் செய்தார். ஆனால் 'பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், இப்போது இந்த டெஸ்ட் வேண்டாம்' என்று சொல்லும் வீடுகளில் அந்தத் தகவல் ஃபைலுக்குள்ளேயே புதைந்துவிடுகிறது. டெஸ்டினால் நோயாளிக்கும் லாபம் உண்டு. பழுது இருப்பவர்களுக்கு ஓலாபரிப் போன்ற மாத்திரைகள் நோய் திரும்புவதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுவதை 2018-ல் வெளியான ஆய்வு நிரூபித்தது.

திரும்புவதுதான் இந்த நோயின் குணம். பரவிய நிலையில் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு, முதல் சிகிச்சை நன்றாகக் கேட்ட பிறகும், சில ஆண்டுகளில் மறுபடி தலைகாட்டுகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை சி.ஏ. 125. 12, 14, 11 என்று வந்தால் அன்றைக்கு வீட்டில் பண்டிகை. 19 என்றால் தூக்கம் போச்சு. இத்தனைக்கும், உடம்பில் தொந்தரவு எதுவும் இல்லாமல் எண் ஏறியதற்காக மட்டும் உடனே கீமோ தொடங்குவதால் ஆயுள் கூடுவதில்லை என்று 2010-ல் ஒரு பெரிய ஆய்வு சொல்லிவிட்டது. காத்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லும்போது குடும்பம் அதைக் கைவிடல் என்றே எடுத்துக்கொள்கிறது.

நஃபிஸா அலி சிகிச்சைக்குப் பின் முடங்கிக் கிடக்கவில்லை. 2019-ல், முதிய நடிகைக்கான வேடம் இருந்தால் கொடுங்கள் என்று திரையுலகிடம் பகிரங்கமாகவே வேலை கேட்டார். 2022-ல் 'ஊஞ்சாய்' படத்தில் நடித்தார். இடையில் அரசியலிலும் தலையைக் கொடுத்து, ஒருகாலத்தில் எதிர்த்து நின்ற மம்தாவின் கட்சியிலேயே கோவாவில் சேர்ந்தார். 2025 செப்டம்பரில், ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, நோய் திரும்பிவிட்டது என்று தானே அறிவித்தார். முந்தைய நாள் பெட் ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, அறுவை சாத்தியமில்லை, ஆகவே மறுபடி கீமோ, வாழ்க்கை எனக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதினார். நீங்கள் போய்விட்டால் நாங்கள் யாரிடம் போவோம் என்று பிள்ளைகள் ஒருநாள் கேட்டார்களாம். ஒருவரிடம் ஒருவர் போங்கள் என்று அவர்களிடம் சொன்னதாகவும் அதில் எழுதியிருந்தார்.