எமது பிள்ளைகளுக்கும் ஒரு வான் அவதான நிலையம் வேண்டும்

சனிக் கோளின் வளையங்களைப் படத்தில் காணாத மாணவர் எமது பாடசாலைகளில் இல்லை. அவற்றைத் தன் கண்ணால் பார்த்த மாணவர் எத்தனை பேர்? அக்கரைப்பற்றிலோ மூதூரிலோ புத்தளத்திலோ ஒரு வகுப்பறையில் இதைக் கேட்டால் ஒரு கை உயர்வதே அபூர்வம் என்பது எனது எண்ணம்.

கொழும்பில் 1965 முதல் கோள்மண்டலம் இருக்கிறது. மொரட்டுவையில் ஆதர் சி. கிளார்க் நிறுவகத்தில், ஜப்பான் அன்பளிப்புச் செய்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது. இரண்டுமே மேல் மாகாணத்தில்தான். பொத்துவில் பிள்ளைகள் அங்கு போவதென்றால் பஸ் வாடகை, தங்குமிடம், சாப்பாடு என்று செலவு நீளும். வசதியுள்ளவர் போவார், மற்றவர் படத்தோடு நிற்பார்.

கோள்மண்டலமும் அவதான நிலையமும் ஒன்றல்ல. முன்னையது கூரையில் ஒளிபாய்ச்சி வானத்தைக் காட்டும். பின்னையது உண்மையான வானத்தையே காட்டும். பிள்ளையின் மனதில் கேள்வியை எழுப்புவது இந்த இரண்டாவது அனுபவம்தான்.

இதற்கு நல்ல முன்மாதிரி, அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரிலுள்ள சாபோ விண்வெளி விஞ்ஞான நிலையம். குடிநீர் விநியோகத் தொழிலில் செல்வந்தரான அந்தனி சாபோ 1883இல் 8 அங்குலத் தொலைகாட்டி ஒன்றை அந்நகருக்குக் கொடுத்தார். நகர வெளிச்சம் வானத்தை மறைத்தபோது, 1915இல் நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றினார்கள். 2000ஆம் ஆண்டில் மலைப்பகுதியில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. அந்தப் பழைய தொலைகாட்டி இன்றும் பாவனையில் உள்ளது. வானம் தெளிவாக உள்ள வார இறுதி இரவுகளில் பொதுமக்கள் இலவசமாக வந்து பார்க்கிறார்கள்.

கொடையாளியின் பணம் மட்டும் அதை இத்தனை காலம் காப்பாற்றவில்லை. பாடசாலைகள் அதைத் தமது பாடத்தோடு இணைத்துக்கொண்டன. வானியல் ஆர்வலர்கள் தொண்டர்களாக நின்று பிள்ளைகளுக்கு விளக்கம் சொன்னார்கள்.

அதே 8 அங்குல அளவு எமக்கும் போதும். அது இருளில் விரிந்த மனிதக் கண்ணைவிட சுமார் 800 மடங்கு ஒளியைச் சேர்க்கும். சனியின் வளையம், வியாழனின் நான்கு பெரிய சந்திரன்கள், நிலவின் பள்ளங்கள் எல்லாம் தெளிவாகத் தெரியும். எமது இருப்பிடமும் ஒரு வரப்பிரசாதம். கல்முனையில் துருவ நட்சத்திரம் வட அடிவானுக்கு மேலே ஏறத்தாழ 7 பாகையில் நிற்கும். தெற்கே தெற்குச் சிலுவையும் தெரியும். ஓக்லண்ட் பிள்ளைகளுக்குத் தமது ஊரிலிருந்து அந்தச் சிலுவையைக் காண வழியே இல்லை.

பிறை பார்ப்பதும் எமக்குப் புதிதல்ல. சந்திரன் நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 பாகை சூரியனைவிட்டு விலகுகிறது. ஒரு நாள்கூட நிறையாத பிறை ஏன் அந்தி வெளிச்சத்தில் கண்ணுக்குச் சிக்காமல் போகிறது என்பதை ஒரு மாணவி மேடைப் பேச்சில் கேட்பதைவிடத் தானே அவதானித்துக் கற்றால் நல்லது. மாலையில் வர முடியாத பிள்ளைகளுக்குப் பகல் நிகழ்ச்சியும் வைக்கலாம். உரிய சூரிய வடிகட்டியை முன்பக்கத்தில் பொருத்தினால் சூரியப் புள்ளிகளைப் பார்க்கலாம். வடிகட்டி இன்றி ஒரு கணமும் பார்க்கக் கூடாது.

எனது கவலை வேறு. எமது ஊர்களில் கட்டடம் எழுப்பப் பணம் சேரும், திறப்பு விழாவும் நடக்கும், பெயர்ப்பலகையும் பதிக்கப்படும். சில வருடங்களில் கதவில் பூட்டுத் தொங்கும். தொலைகாட்டி இதை மன்னிக்காது. கடலோர உப்புக்காற்று அதன் ஆடியின் பூச்சை அரிக்கும், ஈரலிப்பு வில்லைகளில் பூஞ்சணத்தை வளர்க்கும்.

ஆகவே முதலில் ஒரு தொலைகாட்டி, அதை உலர்வாக வைக்க ஓர் அறை, பயிற்சி பெற்ற இரண்டு ஆசிரியர்கள், பராமரிப்புக்கென ஒதுக்கிய சிறு நிதி ஆகியவை போதும். வலயக் கல்விப் பணிமனையும் பிரதேச சபையும் பழைய மாணவர் சங்கங்களும் கூடிப் பேசினால் இது முடியாத காரியமல்ல. கிழக்கில் மழைக்காலம் தவிர்ந்த மாதங்களில், வாரம் ஓர் இரவு பாடசாலை மைதானத்தில் அதை வைத்து, பெற்றோரையும் அழைக்கலாம். ஒரு வருடம் தவறாமல் நடத்திக் காட்டிய பின் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுவோம்.