கோழிக்கூட்டில் எடுத்த படங்கள்

யூலியா மார்கரெட் கமரூன் கல்கத்தாவில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்தவர். ஆறு பிள்ளைகளின் தாய். 1863இல், தமது 48ஆவது வயதில், மகள் பரிசளித்த கமராவைத்தான் அவர் முதன்முதலாகக் கையிலெடுத்தார். வீட்டுக் கோழிக்கூடு படப்பிடிப்பு அறையானது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயுமுன் படம்பிடிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் சில நிமிடங்கள் அசையவே கூடாது. (சின்னப் பிள்ளைகளை எப்படித்தான் இருத்தினாரோ!) மருந்து பட்டு அவருடைய கைகள் கறுத்துப்போயின.

1874இல் கவிஞர் தெனிசன் தமது நூலுக்குப் படங்கள் கேட்டார். நூலில் வந்தவையோ, அவற்றைப் பார்த்து மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட சிறு உருவங்கள். யூலியாவுக்கு மனம் பொறுக்கவில்லை. அசல் புகைப்படங்களையே பெரிதாக ஒட்டித் தாமே ஒரு பதிப்பு வெளியிட்டார். இன்று அது கிடைத்தற்கரிய நூல்.

1875இல் கணவருடன் இலங்கைக்கு வந்தவர், 1879இல் இங்கேயே காலமானார். கல்லறை பொகவந்தலாவைத் தேவாலய வளவில் உள்ளது. இங்கும் அவர் பெண்களைப் படம்பிடித்தார். எஞ்சியவை சிலவே. வீட்டுப் படங்களை இழந்த நமக்கு அவற்றைப் பார்க்கையில் நெஞ்சு கனக்கும். முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. அந்தப் பெண்களில் பலருடைய பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை.